வேலி நிலத்துக்கா, பட்டிக்கா: காங்கயம் பக்கத்துப் பண்ணை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில் இந்தப் பண்ணை இருக்கிறது. கிணற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர், கொறங்காடு நான்கு ஏக்கர். கொறங்காடு என்பது கொங்குப் பகுதியின் பழைய மேய்ச்சல் முறை. கொழுக்கட்டைப் புல் மண்டிய நிலத்தில் ஆங்காங்கே வெள்வேல மரங்களும் சுற்றிலும் கிளுவைச் செடியாலான உயிர்வேலியும் இருக்கும். காலையில் ஆட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் பொழுது சாயும்வரை ஆள் தேவைப்படாத காலம் ஒன்று இருந்தது.

நிலத்துக்காரரும் அவர் மனைவியும் அறுபதை நெருங்கியவர்கள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். 2024 நடுவில் அவர்களிடம் 41 மேச்சேரிச் செம்மறிகளும் நாற்பது நாட்டுக்கோழிகளும் இருந்தன. இரவில் ஆடுகள் அடைந்தது மூங்கில் படலால் கட்டிய பட்டியில். நாலடி உயரம், வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். கோழிகளுக்கு வீட்டுப் பின்புறச் சுவரை ஒட்டி, சிமெண்ட் அட்டை வேய்ந்த ஒரு கூண்டு.

நான் அந்தப் பக்கத்தில் பணிபுரியும் கால்நடை மருத்துவர். 2024 டிசம்பரில் தெருநாய்கள் ஆட்டுப்பட்டியைத் தாக்கிய பிறகுதான் அழைக்கப்பட்டேன். அதற்கு முன் நடந்தவற்றைக் குடும்பத்தார் சொன்னபடி எழுதுகிறேன்.

முதல் தாக்குதலும் முள்கம்பியும்

2024 ஆடி மாதத்தில் ஓர் இரவு பட்டிக்குள் நாய்கள் புகுந்து மூன்று ஆடுகளைக் கொன்றன. அந்தச் சமயத்தில் காங்கயம் வட்டாரம் முழுவதும் இதே பேச்சு. செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடிய ஆண்டுகள் அவை. நாய்கள் பெருகியதற்குக் காரணமும் கண்முன் கிடந்தது. ஊருக்கு வெளியே வறண்ட குட்டையில் இறைச்சிக் கழிவைக் கொட்டுகிறார்கள். அந்தக் குட்டைக்கும் இந்தப் பண்ணைக்கும் அரை மைல்கூட இல்லை.

மகன் விடுப்பெடுத்து வந்து ஒரே வாரத்தில் வேலி போட்டார். சாலையோரமாக 700 அடி நீளம், கல்தூண் நட்டு ஐந்து வரி முள்கம்பி. நாய்கள் சாலை வழியாகத்தானே வருகின்றன என்பது அவர் கணக்கு. மற்ற மூன்று பக்கமும் கிளுவை வேலி இருக்கிறதே என்றும் நினைத்தார். பட்டியில் அறுந்த கயிற்றை மாற்றிக் கட்டியதோடு சரி.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருந்த பணத்தைத் தயங்காமல் போட்டார். ஆனால் நான்கடி உயரத்தில் ஐந்து வரி ஓட்டினால் வரிக்கும் வரிக்கும் நடுவே ஒன்பது, பத்து அங்குல இடைவெளி விழும். அதற்குள் ஒரு நாய் நின்று யோசிக்காமல் நுழைந்து போகும். முள்கம்பி என்பது மாட்டைத் தடுக்க வந்தது. மாட்டுக்கு உடம்பு பெரிது, குத்தினால் பின்வாங்கும். இடைவெளியில் உடம்பைச் சுருக்கி நுழையும் நாய்க்கு முள் அதிகம் போனால் நாலு மயிரைப் பிடுங்கும். பின்னால் அந்தக் கம்பியில் நாய் மயிர் தொங்கியதை நானே பார்த்தேன்.

டிசம்பர் இரவு

மார்கழி தொடங்கிய வாரம். அதற்குள் விற்றதும் ஈன்றதும் போக மந்தையில் 36 உருப்படிகள் இருந்தன. விடிகாலை ஐந்து மணிக்குக் கோலம் போட எழுந்த அம்மாள் பட்டிப் பக்கம் சத்தமே இல்லாததைக் கவனித்துப் போய்ப் பார்த்திருக்கிறார். வீட்டு நாய் இரவு முழுதும் குரைத்ததாம். தினமும் குரைப்பதுதானே என்று யாரும் எழவில்லை.

ஒன்பது ஆடுகள் செத்துக் கிடந்தன. எட்டுக்குக் காயம். மற்றவை ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்று நடுங்கிக்கொண்டிருந்தன. ஏழு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கறிக்காக வாங்க ஒரு வியாபாரி முன்னாலேயே வந்து நின்றார்.

"காயம்பட்டத வெலைக்குக் குடுத்தரலாமுங்களா டாக்டர்? கொஞ்சமாச்சும் கைக்கு வரும்" என்றார் பெரியவர். வேண்டாமென்று சொன்னேன். கடித்த நாய்களுக்கு வெறி இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அந்த ஆட்டை அறுப்பவர் கையில் ஒரு சிறு வெட்டுக்காயம் இருந்தாலும் ஆபத்துதான். அவர் ஒரு நிமிடம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வியாபாரியை அவரே அனுப்பிவைத்தார். மூன்று நான்கு மாதத்துக் குடும்பச் செலவு அந்த ஒரு வார்த்தையில் போனது. அதை நான் மறக்கவில்லை.

காயங்களைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவினோம். நாய்க்கடியை உடனே தைத்து மூடக் கூடாது என்பதால் பெரிய கிழிசல்களைக்கூடத் திறந்தே விட்டு மருந்து கட்டினேன். வெறிநோய்த் தடுப்பூசியை அன்று தொடங்கி 3, 7, 14, 28 ஆம் நாட்களில் தொடர்ந்தோம். எட்டில் மூன்று ஒரு வாரத்துக்குள் இறந்தன. இரண்டு அதிர்ச்சியிலிருந்து மீளவே இல்லை, இன்னொன்றுக்குத் தொடைக் காயம் அழுகிவிட்டது. ஆக, ஓர் இரவுக்குப் பன்னிரண்டு ஆடுகள். இருபத்து நான்கு மிஞ்சின. எந்த ஆட்டுக்கும் காதில் அடையாள வில்லை போட்டுக் காப்பீடு செய்திருக்கவில்லை.

கடித்தடம் சொன்னது

செத்த ஒன்பதையும் புதைப்பதற்கு முன் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். இழப்பீட்டு மனுவுக்குப் படம் எடுப்பது ஒரு காரணம். என்ன விலங்கு, எப்படி நுழைந்தது என்று தெரிந்துகொள்வது இன்னொரு காரணம். அது தெரியாமல் வேலியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

ஏழு ஆடுகளுக்குப் பின்தொடையிலும் விலாவிலும் காதிலும் தாறுமாறான கடிகள். எதையும் தின்னவில்லை. இது நாயின் வேலை. சிறுத்தையாக இருந்தால் தொண்டையில் ஆழமான பல்துளைகள் இருக்கும், இரையை இழுத்துக்கொண்டும் போயிருக்கும். நரி பெரும்பாலும் குட்டியைத் தேடும், பசிக்கு ஒன்றை எடுக்கும். ஓடும் ஆட்டையெல்லாம் துரத்திக் கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது கூட்டமாகத் திரியும் நாய்களின் பழக்கம்.

மற்ற இரண்டு ஆடுகளின் மேல் ஒரு பல்தடம்கூட இல்லை. மூலையில் நெரிசலில் நசுங்கி மூச்சுமுட்டிச் செத்திருந்தன. இந்த இரண்டு பின்னால் என் யோசனையை மாற்ற வேண்டியவை. அன்று நான் அவற்றுக்கு உரிய கவனம் கொடுக்கவில்லை.

நுழைந்த வழி இரண்டு. படல் கதவுக்கு அடியில் ஆடுகள் மிதித்து மிதித்துக் குழிந்துபோன மண்ணைப் பறித்து ஒரு வழி. வடக்குப் பக்கம் இரண்டு படல்கள் சேரும் இடத்தில் கயிறு தளர்ந்த இடைவெளி இன்னொன்று. நிலத்துக்குள் நாய்கள் எங்கிருந்து வந்தன என்று எல்லையைச் சுற்றி நடந்தோம். முள்கம்பி வழியாகவும் வந்திருந்தன. மேற்கே கிளுவை வேலியில் பதினோரு இடத்தில் சந்து இருந்தது. வயதான கிளுவை மேலே தழைத்து அடியில் வெறுமையாகிவிடும். முன்பெல்லாம் ஆண்டுதோறும் அந்தச் சந்துகளில் வேலாமுள் வெட்டி வைத்து அடைப்பார்கள். ஆள் கிடைக்காமல் போய் அந்த வேலை நின்று எட்டு வருடமாகிறது என்றார் பெரியவர்.

கோழியைத் தின்றது வேறு

அந்த மாதங்களிலேயே கோழிகளும் குறைந்துகொண்டே வந்தன. பழியெல்லாம் நாயின்மேல் போட்டிருந்தார்கள். அம்மாள் மட்டும் ஒப்பவில்லை. "நாய் வந்தா கோழி கத்துமுங்க, நாலஞ்சு செத்துக் கெடக்கும். இது ராத்திரில ஒண்ணே ஒண்ணு, சத்தமே இல்லீங்க. தலையும் கழுத்தும் இருக்காது. பகல்ல குஞ்சு காணாமப் போறது அது வேற கதைங்க" என்றார். இந்த நிகழ்வு முழுவதிலும் மிகச் சரியான கவனிப்பு அவருடையதுதான்.

அடுப்புச் சாம்பலைச் சலித்து, பொழுதடைந்ததும் கூண்டைச் சுற்றித் தூவி வைக்கச் சொன்னேன். நாலாம் நாள் தடம் விழுந்தது. சின்னத் தடம், ஐந்து விரல். நாய்க்கும் பூனைக்கும் தரையில் பதிவது நான்கு விரல்தான். கீரிக்கும் ஐந்து உண்டு, ஆனால் அது பகலில் வேட்டையாடுவது. சுவர் மேலும் அட்டைக்கு அடியிலும் அதே தடம் தேய்ந்திருந்ததால் மரநாய் என்று முடிவுக்கு வந்தோம். பெயரில்தான் நாய், அது மரமேறும் பூனைபோன்ற இரவு விலங்கு. கூண்டின் சுவருக்கும் அட்டைக்கும் நடுவே ஒரு சாண் சந்து இருந்தது. கீழே எத்தனை வேலி போட்டாலும் அதற்குக் கவலையில்லை.

பகலில் குஞ்சு எடுத்தவை பருந்தும் கீரியும். இரண்டையும் அம்மாள் கண்ணால் பார்த்திருக்கிறார்.

யோசித்தவை, தள்ளியவை

தை பிறப்பதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்ற நெருக்கடியில் மகனும் நானும் பெரியவரும் மூன்று ஞாயிறுகள் உட்கார்ந்து பேசினோம்.

மகனின் விருப்பம் ஆறு ஏக்கரையும் சுற்றிச் செயின்லிங்க் கம்பி வலை. நிலம் நீள்சதுரம் என்பதால் சுற்றளவு ஏறத்தாழ 2,200 அடி. கடன் வாங்கித்தான் போட வேண்டும். அதற்கு எதிராக நான் வைத்தது ஒரே ஒரு கணக்கு. ஒரு வளர்ந்த செம்மறிக்கு இரவில் அடைய 10 முதல் 12 சதுர அடி போதும். நாற்பது ஆட்டுக்கு 480 சதுர அடி, குட்டிகளுக்கும் சேர்த்து 20க்கு 30 அடி என்று வைத்தால் சுற்றளவு 100 அடி. 2,200 அடிக்குச் சுமாரான வலை போடும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டே 100 அடிக்கு மிக உறுதியான வலை போடலாம். அதைவிட முக்கியம், 100 அடியை அந்த அம்மாள் தினமும் மாலையில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையால் தொட்டுப் பார்க்க முடியும். 2,200 அடியை யார் பார்ப்பது? பதினோரு சந்தும் அப்படிப் பார்க்க ஆளில்லாமல் விழுந்தவைதாம். நடந்த இரண்டு தாக்குதலுமே இரவில், பட்டிக்குள். எனவே முதல் பணம் ஆடு தூங்கும் இடத்துக்கு என்று முடிவானது.

சோலார் வேலி பற்றியும் பேச்சு வந்தது. நல்ல கருவி அது. மின்சாரத்தைத் தொடர்ச்சியாக விடாமல் நொடிக்கு ஒருமுறை போலத் துடிப்பாக அனுப்புவதால் அதிர்ச்சி கொடுக்கும், கொல்லாது. ஆனால் கம்பியில் புல்லோ கொடியோ பட்டால் வீரியம் இறங்கிவிடும், அடிக்கடி வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மண் காய்ந்து கிடந்தால் எர்த் சரியாகக் கிடைக்காது. மாசி முதல் ஆனி வரை இங்கே மண் சட்டிபோலக் காய்ந்து கிடக்கும். தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கும் ஒழுங்குபடுத்துவதற்கும் 2023 இல் விதிகள் வந்திருக்கின்றன, யோசிப்பவர்கள் அவற்றை முதலில் கேட்டறிய வேண்டும். இரண்டு வயதானவர்கள் பராமரிக்கும் இடத்துக்கு இது ஒத்துவராது என்று விட்டோம்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் வேறு வழி சொன்னார்: மோட்டார் ரூமிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கம்பியில் கொடுத்துவிடலாம், இல்லையென்றால் கறியில் விஷம். இரண்டுக்கும் அந்த இடத்திலேயே மறுப்புச் சொன்னேன். நேரடி மின்சாரம் கொடுத்த கம்பியில் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்கள் செத்திருக்கிறார்கள். அது கொலைக்குற்றம்வரை போகும். விஷம் வைத்தால் மயிலும் பருந்தும் வீட்டு நாயும் சாகும், 1960 ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். தெருநாய்களுக்கு இருக்கும் வழி கருத்தடையும் தடுப்பூசியும். தெருநாய்க் கருத்தடை பற்றிய 2023 விதிகளின்படி அவற்றைச் செய்து பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். அதாவது நாய்கள் அங்கேயேதான் இருக்கும், வேலி இருந்தே ஆக வேண்டும். குட்டையில் கழிவு கொட்டுவதை நிறுத்தக் கோரி ஊராட்சியில் மனுக் கொடுத்தோம்.

கட்டிய விதம்

2025 ஜனவரி மூன்றாம் வாரம் வேலை முடிந்தது. பட்டியை வீட்டுக்கு நாற்பதடி தூரத்துக்கு மாற்றினோம். எட்டடிக்கு ஒரு கல்தூண். சாலையோர முள்கம்பியில் ஒரு பகுதியைக் கழற்றியதால் தூண்களில் பாதி அங்கிருந்தே கிடைத்தன. வலை 10 கேஜ், இரண்டு அங்குலக் கண், ஐந்தடி உயரம், 50 அடிச் சுருள் இரண்டு. கடையில் 12 கேஜ் மலிவாக இருக்கிறதே என்று மகன் கேட்டார். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வலைக்கு மேலே கழற்றிய முள்கம்பியிலிருந்தே இரண்டு வரி.

நாய் தோண்டும் பழக்கத்துக்காகத் தனியாக ஒன்று செய்தோம். இரண்டடி அகல வலையை வேலியின் அடியோடு கட்டி, வெளிப்பக்கமாகத் தரையில் படுக்கப் போட்டு, நாலு அங்குலம் மண் மூடி மேலே கல் அடுக்கினோம். நாய் வேலியை ஒட்டித்தான் பறிக்கும், இரண்டடி பின்னால் போய்ப் பறிக்க அதற்குத் தோன்றாது. கதவுக்கு அடியில் கான்கிரீட் படி கட்டி, படிக்கும் கதவுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிக்குமேல் விடவில்லை.

கோழிக்கூண்டுக்கு வேறு வலை தேவைப்பட்டது. கோழிவலை என்று கடையில் விற்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைக்க மட்டுமே உதவும். நாய் கடித்தால் பிய்ந்துவிடும், மரநாய் விலக்கிவிடும். அரை அங்குலக் கண் வெல்ட்மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்கி நாலு பக்கமும் சுவருக்கும் அட்டைக்கும் இடையிலான சந்தும் அடைத்தோம். பாம்பும் இதில் நுழைவது கடினம். மீன்வலை, நைலான் வலை கட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். தரையோடு நைலான் வலை கட்டினால் பாம்பு அதில் சிக்கிக்கொண்டு உயிரோடு கிடக்கும். அதை எடுக்கப் போய்க் கடிபட்டவர்கள் உண்டு.

குஞ்சுகளை ஆறு வாரம்வரை பகலிலும் பஞ்சாரக் கூடையில் கவிழ்த்தே வைக்க அம்மாள் ஒப்புக்கொண்டார். பெரிய கோழிகள் பகலில் மேயட்டும், அதில் ஒன்றிரண்டு போனால் போகட்டும் என்பது அவர் முடிவு. நாட்டுக்கோழியை முழுநேரமும் வலைக்குள் வைக்க அவருக்கு மனமில்லை. எனக்கும் அது சரியென்றே பட்டது.

அதன் பின்

மாசி மாதம் ஓர் இரவு நாய்கள் மீண்டும் வந்தன. ஐந்தாறு நாய்கள். வலையைச் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கின்றன, இரண்டு இடத்தில் பறித்து வலை தட்டியதும் விட்டிருக்கின்றன. உள்ளே ஒன்றுகூட நுழையவில்லை. ஆனால் காலையில் ஒரு குட்டி நசுங்கிச் செத்துக் கிடந்தது. சினையாடு ஒன்று மறுநாள் கருக்கலைந்தது.

டிசம்பரில் கடிபடாமல் செத்த அந்த இரண்டு ஆடுகள் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தன. செம்மறி பயந்தால் மூலைக்குப் போய்க் குவியும். பழைய படலில் வெளியே இருப்பது ஆட்டுக்கு அவ்வளவாகத் தெரியாது. கம்பி வலையில் நாலு பக்கமும் நாய் ஓடுவது அப்படியே தெரிகிறது. உறுதியான வேலியைப் போட்டு ஆட்டின் கண்ணுக்கு மறைப்பில்லாமல் செய்துவிட்டேன். இது என் தவறு.

வீட்டோரம் அடுக்கிக் கிடந்த பழைய மூங்கில் படல்களை எடுத்து வலையின் உட்புறம் மூன்றடி உயரத்துக்குச் சுற்றிலும் கட்டினோம். நாலு மூலையிலும் படலைக் குறுக்காக வைத்து மூலையே இல்லாதபடி வளைத்துவிட்டோம். படலுக்கு மேலே காற்றோட்டத்துக்கு இடம் இருந்தது. அதற்குப் பின் சித்திரையிலும் ஆவணியிலும் நாய்கள் வந்து போன தடம் இருந்தது. நெரிசல் சாவு இல்லை.

கோழிக்கூண்டில் 2025 முழுவதும் இரவில் ஒரு கோழிகூடப் போகவில்லை. பகலில் நான்கு போயின. ஆட்டு மந்தை ஆண்டு முடிவில் 33 ஆனது. எல்லையில் கிளுவைச் சந்துகளை மழைக்கு முன் புதுப்போத்து (வெட்டிய கிளை) நட்டும் அடியில் வேலாமுள் வைத்தும் அடைத்தார்கள். மேற்கு ஓரத்தில் பாறை இருக்கும் இடத்தில் போத்து பிழைக்கவில்லை. குட்டையில் கழிவு கொட்டுவது சில மாதம் நின்றது, பிறகு மறுபடி தொடங்கிவிட்டது.

இப்போது செய்தால்

ஆடியில் மூன்று ஆடுகள் செத்தபோதே ஒரு மருத்துவர் கடித்தடத்தைப் பார்த்திருந்தால், அந்த 700 அடி முள்கம்பிப் பணம் பட்டிக்குப் போயிருக்கும். பட்டிக்கு மொத்தம் ஆனதைவிட அந்த முள்கம்பிக்கு ஆனது கூடுதல். மூன்றுதானே என்று புதைத்துவிட்டார்கள். செத்தது ஒன்றாக இருந்தாலும் புதைக்குமுன் மருத்துவரையும் கிராம நிர்வாக அலுவலரையும் அழைத்துக் காட்டிவிடச் சொல்லி இப்போது போகுமிடமெல்லாம் சொல்கிறேன். காதுவில்லையும் அப்படித்தான், வில்லை இல்லாத ஆட்டுக்குக் காப்பீட்டுத் தொகை கேட்க முடியாது.

படலை முதல் நாளே வலைக்குள் கட்டியிருப்பேன். பட்டியை நீள்சதுரமாக இல்லாமல் மூலை மழுங்கியதாகவே தொடக்கத்திலிருந்து கட்டச் சொல்லியிருப்பேன். வீட்டு நாயை வீட்டு வாசலில் கட்டாமல் பட்டியோரம் கட்டியிருக்கலாம். இப்போது அங்கேதான் கட்டுகிறார்கள், அது குரைத்தால் பெரியவர் டார்ச்சோடு எழுந்து போகிறார்.

பகல் மேய்ச்சலுக்கு எங்களிடம் இன்னும் விடை இல்லை. 2025 ஐப்பசியில் கொறங்காட்டில் நண்பகலில் இரண்டு ஆடுகளை நாய்கள் கடித்தன, ஒன்று செத்தது. அன்றிலிருந்து ஆட்டைத் தனியாக விடுவதில்லை. அம்மாள் கையில் தடியோடு வெள்வேல மர நிழலில் உட்கார்ந்திருக்கிறார், மேற்கு ஓரப் பாறைப் பக்கம் பார்த்தபடி.